தேவகனி விழுந்ததன் மூல காரணம்

மாமியாரை ஊரிலிருந்து வரவழையுங்கள் என்று மருமகளே வாய்விட்டுக் கேட்பது அடிக்கடி நடப்பதல்ல. ஷாஜினி கேட்டாள். அவளுக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. நர்ஸாக இருந்த கிளினிக்கில் லீவை நீட்டித் தரமாட்டார்கள். குழந்தைக்கோ இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை. அவளைப் பெற்றவள் மூத்த மகளின் பிரசவத்துக்காக மஸ்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் ஜெப்ரின் லிஃப்ட் டெக்னீஷியன். துபாயில் எங்கே யார் லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டாலும் சாப்பிட்ட கையோடு ஓட வேண்டிய வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கத்தான் செய்தன. அங்கே கேட்கிற கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் ஷாஜினி வேலைக்குப் போவதற்கு அர்த்தமே இல்லை.

இருவரும் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். துபாய் தேராவில் ஒரு பழைய கட்டடத்தில் ஒற்றை அறை, சமையலறை, குளியலறை என்று குடியிருந்தார்கள். அமீரகத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதனால் காகிதங்களின் மேல் இன்னும் ஒரு மரியாதை மிச்சமிருந்தது.

அந்த மரியாதை குழந்தையின் பாஸ்போர்ட்டிலேயே லேசாகத் தேய ஆரம்பித்தது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, போட்டோவில் கண்ணைத் திறந்து, வாயை மூடி, தலையை நேராக வைத்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் படத்தில் பாப்பா தூங்கினாள். அடுத்ததில் அழுதாள். அதற்கடுத்த படத்தில் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் இருந்தவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சிரிக்கக் கூடாது. இது இந்தியக் குடியுரிமை சம்பந்தப்பட்ட விஷயம்" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில், ஸ்டூடியோவில் கிலுகிலுப்பை ஆட்டி ஆட்டி எல்லோரும் ஓய்ந்த பிறகு, குழந்தையும் களைத்துப்போய் எதிலும் பற்றில்லாமல் ஒரு கணம் வெறித்துப் பார்த்தது. அந்தப் படம் தேறியது.

"இப்பதான் குடிமகள் மாதிரி இருக்கா" என்றாள் ஷாஜினி.

அம்மா அப்பாவின் விசாவுக்காக ஜெப்ரின் போனது தேராவில் நைஃப் பக்கம், அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தருகிற ஒரு டைப்பிங் சென்டருக்கு. அதை நடத்திய முகம்மது யூசுப் கீழக்கரைக்காரர். நல்ல மனிதர், நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"விசாவோட இன்சூரன்ஸும் கட்டாயம் தம்பி. இது இல்லாம பக்கமே நகராது."

"எதுக்கெல்லாம் கிடைக்கும் பாய்?"

"விசா கிடைக்கும்."

"இல்ல பாய், நோய் நொடின்னா?"

யூசுப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ பேருக்கு இதைப் போட்டுக் குடுத்திருக்கேன். இதை வச்சு யாரும் வைத்தியம் பார்த்ததா இதுவரைக்கும் நான் கேள்விப்படல. இருந்தாலும் நீங்க கேட்டது நல்ல கேள்விதான்."

கம்ப்யூட்டரில் கேள்விகள் வரிசையாக வந்தன. வருகிறவருக்குச் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முன்பு ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டால் பக்கம் பச்சையாகவே இருக்கும் என்றார் யூசுப். ஆமாம் என்று ஒன்றைத் தட்டினாலும் சிவந்துவிடும். ஜெப்ரின் எதற்கும் கேட்டுவிடுவோம் என்று ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அதுதான் அவன் செய்த முதல் தவறு.

"சுகர் உண்டு. பிரஷரு லேசா உண்டு. ரெண்டுக்கும் மாத்திரை திங்கேன்" என்றார் அம்மா தேவகனி.

"அதை இல்லன்னு போட்டுரலாமாம்மா?"

"உள்ளத இல்லன்னு எழுதினா அது பொய்யில்லியா மக்களே? பேரப்பிள்ளைய பாக்க வரதுக்கு பொய்ய சொல்லிட்டா வருவாவ?"

யூசுப் இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்துக் கொடுத்தார். தமிழுக்கான எண்ணை அழுத்தியதும், நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஓர் இளைஞன் குரல் வந்தது. அம்மாவின் தயக்கத்தை ஜெப்ரின் விளக்கினான்.

"அம்மாகிட்ட சொல்லுங்க சார், இது பொய் இல்ல. டிக்ளரேஷன்."

"வித்தியாசம் என்னங்க?"

"பொய்ய வாயால சொல்லுவோம் சார். டிக்ளரேஷன் ஆன்லைன்ல பண்றது."

தேவகனிக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஆமாம் என்றே போடச் சொன்னார். பக்கம் சிவந்தது. பிரீமியம் ஏறியது. பாலிசியின் பின்னால் ஒரு இணைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. சர்க்கரை நோயும், அதனால் வருவதும், அதனால் வந்திருக்கக்கூடியதும் இந்தப் பாலிசியில் அடங்காது என்று ஆரம்பித்து அது கண்ணைக் கழித்தது. இதயத்தைக் கழித்தது. சிறுநீரகம், நரம்பு, தோல் என்று வரிசையாகக் கழித்துக்கொண்டே போனது. பல் எப்போதுமே கிடையாது.

"அப்ப எங்க அம்மாவுல மிச்சம் என்ன பாய் இருக்கு?"

யூசுப் கடைசி வரை தள்ளிப் பார்த்தார். "எலும்பு இருக்கு தம்பி. எலும்பைப் பத்தி எதுவும் சொல்லல." பிறகு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார். "மவுத்தாயிட்டா முழுசா குடுக்கறாங்க. பெட்டி, டிக்கெட், ஊர்ல வீட்டு வாசல் வரைக்கும் வண்டி. அதுல மட்டும் ஒரு குறையும் வைக்கல."

போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது. ஜெப்ரினின் அப்பா ஜான் பீட்டரின் குரல் அந்தப் பக்கமிருந்து கேட்டது. "அது கொள்ளாமே, நல்ல காரியம்! உயிரோட போறவனுக்கு பஸ்டாண்டு வரைக்கும்தாம்ல வண்டி கிட்டும்."

ஜான் பீட்டர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வாழ்நாளில் டாக்டரிடம் போனதில்லை. ஆகவே அவருக்கு எந்த நோயும் இருப்பதாகத் தாளில் இல்லை. அவருடைய பக்கம் கடைசி வரைக்கும் பச்சையாகவே இருந்தது.

இருவரும் நெத்திலிக் கருவாடும் மரச்சீனி வத்தலும் பிள்ளைக்குத் தேய்க்க எண்ணெயுமாக வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து குழந்தையைத் தேவகனி எடுத்துக்கொண்டார். கால்களை நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால், பாப்பா பிறகு பால் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் தூங்கினாள். ஷாஜினி ஒரு வாய் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். ஜான் பீட்டர் ஜன்னலோரம் நின்று, கீழே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலையே இல்லாமல் மீன் தேடுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். அவர் இந்தப் பயணத்துக்குத் துணையாகத்தான் வந்தவர். வேறு வேலை இருப்பதாக அவரும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை.

குளியலறையில் குழாய் கசிவு இருந்தது. கட்டடக் காவலாளியிடம் ஜெப்ரின் பலமுறை சொல்லியிருந்தான். ஒரு காலையில், குளித்த குழந்தையை ஜான் பீட்டரின் கையில் கொடுத்துவிட்டு, பக்கெட்டை எடுக்கத் திரும்பிய தேவகனி வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும். வீக்கம் வடியட்டும், அதற்குள் இன்சூரன்ஸ் அப்ரூவலை வாங்கி வையுங்கள் என்று மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்.

அம்மா வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது மகன் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் டாக்சியில் வரும்போது ஜெப்ரின் மனசுக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது.

"எலும்பு ஷாஜினி! சுகருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எலும்பு கவர் ஆகும்."

ஷாஜினி டாக்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். அப்ரூவலுக்காகக் காத்திருக்கிற முகங்களை லீவுக்கு முன்பு தினமும் பார்த்தவள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவன் பெயர் ஆதித்யா. சென்னைப் பையன், பணிவான குரல். அவன் மூல காரணப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னான்.

"எலும்பு உடைஞ்சது எங்களுக்குப் புரியுது சார். ரொம்ப சாரி. ஆனா ஏன் உடைஞ்சது?"

"விழுந்தாங்க."

"ஏன் விழுந்தாங்க?"

"தரை ஈரமா இருந்துச்சு."

"அந்தத் தரையில நீங்களும் நடக்கறீங்க இல்ல சார்? நீங்க ஏன் விழல?"

ஜெப்ரின் யோசித்தான். அவன் ஏன் விழவில்லை என்பதை அதற்கு முன்பு யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"பாருங்க சார், ஒரே தரை, ஒரே ஈரம். உங்க வீட்டுல நாலு பெரியவங்க நடக்கறாங்க. விழுந்தது சுகர் இருக்கறவங்க மட்டும்தான். நான் எந்த முடிவுக்கும் வரல. சிஸ்டம் கேக்குது."

வீக்கம் வடிந்தது. அப்ரூவல் வரவில்லை. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில், கம்பெனி ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் கேட்கிறது, அது வந்தால்தான் ஆபரேஷனுக்கு அனுமதி கொடுப்பார்களாம் என்றார்கள். ஆபரேஷன் செய்யாமல் ரிப்போர்ட் எப்படி வரும் என்று கேட்டதற்கு, அதைத்தான் நாங்களும் கேட்டு மெயில் போட்டிருக்கிறோம், உங்கள் கேஸில் மட்டும் இல்லை, எல்லாக் கேஸிலும் போட்டிருக்கிறோம் என்று கவுண்டர்ப் பெண் அலுப்போடு சொன்னாள்.

தேவகனிக்குக் காலைவிட வேறொன்று அதிகமாக வலித்தது. "உதவிக்குன்னு வந்தேன். இப்ப ஷாஜினி ரெண்டு பிள்ளைய பாக்குகா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷாஜினி டூட்டிக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. அன்று காலை பாப்பா வீரிட்டு அழ, ஜெப்ரினுக்கு யாரோ லிஃப்டில் சிக்கிக்கொண்டதாக அழைப்பு வர, தேவகனி படுத்தபடியே கணவனைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து இரியும். காலை நீட்டும். பிள்ளைய கவுத்திப் போடும்."

"எனக்கு வராது கேட்டியா. நான் பெத்த பிள்ளையளையே நான் குளிப்பாட்டினதில்ல."

"அது எனக்குத் தெரியாதா? இப்ப குளிப்பாட்டும்."

ஜான் பீட்டர், கடலில் வலை இழுத்துக் காய்த்துப்போன கையைக் குழந்தையின் முதுகில் மெதுவாக வைத்தார்.

ஒருநாள் ஆதித்யா நேரிலேயே வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், இன்னொரு கையில் ஒரு தண்ணீர் பாட்டில். சம்பவ இடத்தைப் பார்வையிட வேண்டும் என்றான். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தவன் முகம் சுருங்கியது. அதற்கு முந்தின நாள்தான் ஜெப்ரின் தன் டூல்பாக்ஸை எடுத்து வந்து குழாயைத் தானே சரிசெய்திருந்தான்.

"ஐயோ சார், ஈரத்தை எடுத்துட்டீங்களே! எவிடென்ஸ் சார் அது."

"எங்க பாப்பாவும் அங்கதான் குளிக்குது தம்பி. ஈரத்தை அப்படியே வச்சிருக்க முடியுமா?"

பரவாயில்லை என்று ஆதித்யா பாட்டிலைத் திறந்து, டேப்லெட்டில் எதையோ பார்த்து அளந்து, தரையில் தண்ணீரைத் தெளித்தான். பிறகு மரியாதையாகத் தேவகனியின் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, நீங்க எப்படி விழுந்தீங்கன்னு ஒரு தடவை காட்ட முடியுமா? முழுசா விழ வேணாம். ஆரம்பிச்சா போதும்."

தேவகனி தன் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "காலை ஊன முடியாதே மக்களே" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான் காட்டுகேன்" என்று ஜான் பீட்டர் எழுந்தார்.

"வேணாம் அங்கிள். உங்களுக்குத் தனி பாலிசி. நீங்க விழுந்தா அது தனி கிளெய்ம் ஆயிடும்." சொல்லிவிட்டு, அளவெடுக்க ஆதித்யாவே உள்ளே காலை வைத்தான். வைத்த கால் முன்னால் போயிற்று, ஆள் பின்னால் போனான். டேப்லெட் பறந்து வாளிக்குள் விழுந்தது. ஜான் பீட்டர் மட்டும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்காவிட்டால், அவன் மண்டை கழிப்பறைக் கோப்பையின் விளிம்பில் மோதியிருக்கும்.

"லேய் மக்களே, ஒனக்கும் சுகரு உண்டுமா?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"இல்ல அங்கிள்."

"அப்ப எழுது. சுகரு இல்லாதவனும் இஞ்ச வழுக்குவான்னு எழுது."

ஆதித்யா டேப்லெட்டை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்தான். மூச்சு வாங்கியது. "அது ரிப்போர்ட்ல வராது அங்கிள். நான் இன்ஷூர்டு பெர்சன் இல்ல."

பையன் நனைந்த டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தேவகனிக்கு மனசு கேட்கவில்லை. சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் போடச் சொன்னார். அவன் முதலில் மறுத்தான். வாடிக்கையாளர் வீட்டில் சாப்பிடுவது விதிக்கு விரோதம் என்றான். கிளெய்ம் போட்ட பிறகு நாங்கள் வாடிக்கையாளர்தானா என்பதே சந்தேகமாக இருக்கிறதே என்று ஷாஜினி சொன்னதும் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாம் முறையும் சோறு வாங்கினான்.

"வீட்டுல அம்மா இருக்காவளா?" என்று கேட்டார் தேவகனி.

"இருக்காங்க ஆன்ட்டி. குரோம்பேட்டையில. அப்பாவும் இருக்காரு. அம்மாவுக்கும் உங்களை மாதிரிதான், சுகர்."

"இஞ்ச கூட்டியாரலியா? நீ இருக்க எடத்த அவியளும் பாக்கணும்னு ஆசப்படுவாவல்லியா?"

"கேட்டுட்டேதான் இருக்காங்க." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் கூட்டிட்டு வர்றதில்ல ஆன்ட்டி. வீடியோ கால்ல பாத்துக்கறேன்."

"ஏன் மக்களே?"

"நான் இந்த டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறேன்ல."

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஜெப்ரினிடம் தணிந்த குரலில் சொன்னான். "சார், ஆபரேஷனை முடிச்சுருங்க. எங்களுக்காக வெயிட் பண்ணாதீங்க. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராதீங்க."

ஷாஜினி அன்றைக்கே முடிவு செய்திருப்பாள். ஜெப்ரின்தான் மேலதிகாரியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றான். அவனுக்குக் காகிதத்தின் மேல் போய்விட்டாலும் மனிதர்களின் மேல் நம்பிக்கை கொஞ்சம் இருந்தது.

மேலதிகாரியின் அறை மிகவும் குளிர்ந்திருந்தது. அவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து, ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுவது போல நிதானமாகப் பேசினார்.

"முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க விரும்புகிறேன். நாங்கள் உங்கள் கிளெய்மை நிராகரிக்கவில்லை. நான் இங்கே வந்த பிறகு ஒரு கிளெய்மைக்கூட நிராகரித்ததில்லை. நிராகரிப்பது ஒரு முடிவு. முடிவு எடுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நீங்கள் அதை எதிர்த்துப் புகார் செய்யலாம். அந்தச் சிரமத்தை உங்களுக்குத் தர எங்களுக்கு மனமில்லை. ஆகவே பரிசீலனையில் வைத்திருக்கிறோம்."

"எவ்வளவு நாளைக்கு சார்?" என்றாள் ஷாஜினி.

"பாலிசி முடியும் வரை எங்கள் கவனம் முழுவதும் உங்கள் மாமியாரின் மேல்தான் இருக்கும்."

"நான் நர்ஸ் சார். இன்னும் தள்ளிப்போட்டா எலும்பு கோணலா கூடிரும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டணும்."

"சிஸ்டர், உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. எனக்கும் வயதான தாய் இருக்கிறார். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நோய் இல்லாத வரைக்கும் ஒருவர் எங்களுக்கு வாடிக்கையாளர். நோய் வந்துவிட்டால் அவர் ஆஸ்பத்திரியின் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அங்கே போனவரை நாங்கள் எப்படித் தொடர்வது?" அவர் ஒரு பளபளப்பான அட்டையை எடுத்து அவர்கள் முன்னால் நகர்த்தினார். "அதே சமயம், துரதிருஷ்டவசமாக அவர் இறந்துபோனால், எங்கள் சேவையைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். இறந்தவர்களிடம் எங்களுக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. உயிரோடு இருப்பவர்களிடம்தான் ஆவணங்கள் முழுமையாக இருப்பதில்லை."

ஜெப்ரின் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஷாஜினி அவன் முழங்கையைத் தொட்டாள். "வாங்க, போலாம்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அசதிதான் இருந்தது.

இரண்டு பேருடைய சம்பளத்தின் மேலும் கடன் வாங்கினார்கள். ஆபரேஷன் நடந்தது. டாக்டர் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்த தேவகனி முதலில் கேட்டது, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தாயிற்றா என்று.

"தேச்சாச்சு. சாம்பிராணியும் போட்டாச்சு" என்றார் ஜான் பீட்டர். அவர் சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

விசா முடிகிற நேரம் வந்தது. காயம் ஆறும் வரை அம்மாவை வைத்திருந்து அனுப்பலாம் என்று ஜெப்ரின் யூசுப்பிடம் போனான். யூசுப் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மேசைமேல் வைத்தார்.

"அத்தா கேஸ் பச்சையா இருக்கு தம்பி. அவருக்கு நீட்டிடலாம். அம்மாவுக்குத்தான்... விசா நீட்டணும்னா இன்சூரன்ஸ் நீட்டணும். இன்சூரன்ஸ் நீட்டணும்னா பழைய பாலிசியில கிளெய்ம் எதுவும் நிலுவையில இருக்கக் கூடாதாம்."

"நிலுவையில வச்சிருக்கறது அவங்கதானே பாய்!"

"அதைத்தான் தம்பி நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

கிளெய்மைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டால், பரிசீலனையில் இருப்பதைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. வெளியே போய்விட்டு மறுபடி வந்தாலும் இதே கதைதான். ஜெப்ரின் வீட்டுக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருந்ததை இருந்தபடியே சொன்னான்.

தேவகனி காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "செரி. அப்ப இவிய இருக்கட்டும். நான் போறேன்" என்றார்.

"நீ இல்லாம நான் இஞ்ச என்ன செய்யது?" ஜான் பீட்டர் குரல் உயர்ந்தது. "ஒன்னைய இந்தக் காலோட தனியா ஏத்தி விட்டுட்டு நான் இஞ்ச இருக்கவா? எவன் கேட்டாலும் காறித் துப்புவான்."

"ஊர்ல மவ இருக்கா, பாத்துக்கிடுவா. இஞ்ச பிள்ளைய யாரு பாக்க? ஷாஜினி வேலைய விட்டா இந்தக் கடன யாரு அடைக்க?" தேவகனி கணவனின் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை உம்மகிட்டதான் இப்ப ஒறங்குகா. நேத்து நான் எடுத்தேன், உம்ம தேடி அழுகா. பாத்தியளா இல்லியா?"

அவர் பார்த்திருந்தார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ள ஒரு நேபாளிப் பையன் வந்தான். தேவகனி ஜெப்ரினின் நெற்றியிலும் ஷாஜினியின் நெற்றியிலும் சிலுவை போட்டார். குழந்தையின் நெற்றியில் போடும்போது விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. கணவனைப் பார்த்து, "தண்ணி சூட்ட முழங்கையால பாக்கணும். கையால பாக்காண்டாம். உம்ம கை தோலுக்கு சூடு தெரியாது" என்றார். ஜான் பீட்டர் தலையாட்டினார். நாற்காலி உருண்டு போனது. கடலுக்குப் போகும்போதெல்லாம் கரையில் மனைவியை நிற்கவைத்துவிட்டுப் போனவர் அவர். இப்போது கையில் பிள்ளையோடு நின்று, கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் அந்த நாற்காலி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த யாரோ இந்தியில் "பாய், ஜரா சைடு" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

பாலிசி காலாவதியானதும் பரிசீலனை முடிந்தது. முடிவு கூரியரில், கெட்டியான தாளில், தங்க நிற முத்திரையோடு வந்தது. விடுமுறை நாள் காலை. ஜான் பீட்டர் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஜெப்ரின் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளச்சல் பக்கமிருந்து வீடியோவில் தேவகனி பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அது நடந்தது. ஷாஜினி உறையைக் கிழித்து, வாசலில் சாய்ந்து நின்று சத்தமாக வாசித்தாள்.

இடது காலைப் பொறுத்தவரை, விழுந்ததற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இல்லை என்பது நிரூபிக்கப்படாததால், எதுவும் தர இயலவில்லை என்று கம்பெனி வருந்தியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டாக்டர் வலது காலையும் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார். அந்தக் காலில் எந்த நோயும், எந்த முறிவும் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதால், அந்த எக்ஸ்ரேவுக்கான தொகையை முழுமையாக வழங்கக் கமிட்டி மகிழ்ச்சியுடன் ஒப்புதல் அளித்திருந்தது. தொகையைப் பெற்றுக்கொள்ளக் காப்பீடு பெற்றவர், செல்லத்தக்க விசாவுடன், செல்லத்தக்க புதிய காப்பீட்டுடன் நேரில் வர வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை. ஷாஜினி ஒருமுறை மூக்கால் மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

"அம்மா, கேட்டுச்சா? நல்லா இருக்கற காலுக்குக் குடுக்குறாங்களாம்" என்றான் ஜெப்ரின்.

"கேட்டு, கேட்டு." தேவகனியின் முகம் போனுக்கு மிக அருகில் வந்து, ஒரு கண்ணும் கன்னமுமாக நின்றது. "அது கெடக்கட்டும் மக்களே. நீ அந்தப் போன கொஞ்சம் தாழ்த்திப் பிடி. பிள்ளைக்க மொகம் தெரியல."